விபக்கமும் விஞ்ஞான மாணவரும்

விஞ்ஞானம் பயில்வார் தருக்கத்திலும் வல்லராவர் என்பது பொதுநம்பிக்கை. அது முற்றும் மெய்யாகாமை ஆராயற்பாலது.

பீற்றர் வேசன் என்னும் ஆங்கில உளவியலறிஞர் 1966ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையொன்றைத் தமிழெழுத்தில் அமைத்துக் காண்போம். மேசைமீது நான்கு அட்டைகள் உள. அவற்றில் அ, க, 4, 7 என்பன தோன்றுகின்றன. ஒவ்வோரட்டையிலும் ஒருபுறம் எழுத்தும் மறுபுறம் எண்ணும் உண்டு. 'ஒருபுறம் உயிரெழுத்தாயின் மறுபுறம் இரட்டையெண்' என்னும் விதி மெய்யோ எனத் துணிதற்கு எவ்வட்டைகளைத் திருப்பல் வேண்டும்? அகரமும் 7உம் என்பதே விடை. ஆயினும் கற்றோருட் பலர் அகரத்தையோ, அதனோடு 4ஐயோ சுட்டுவர். விதியைப் பொய்ப்பிக்கவல்ல 7ஐ நாடுவார் சிலரே.

இவ்வழு ஆய்வுகூடத்திலும் நேர்வது. காபனீரொட்சைட்டு சுண்ணாம்பு நீரைப் பால்நிறமாக்கும். அதுகொண்டு, பால்நிறமாக்கிய வாயு காபனீரொட்சைட்டே எனத் துணிதல் தவறு. கந்தகவீரொட்சைட்டும் அவ்வாறே செய்யும்.

இந்நுட்பம் தமிழர்க்குப் புதிதன்று. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் அளவைநெறி உணர்த்துகின்றார். ஏதுவானது பக்கத்திலும் சபக்கத்திலும் உளதாதல் மட்டும் அமையாது. விபக்கத்தில் இலதாதலும் வேண்டும். புகையால் நெருப்பைத் துணிவோன், நெருப்பில்லா இடத்துப் புகையின்மையையும் தேர்தல் வேண்டும் என்பது கருத்து. 7 என்னும் அட்டையும் கந்தகவீரொட்சைட்டும் விபக்கத்தை நோக்குமாறு நம்மை ஏவுவனவே.

இலங்கையின் உயர்தர வகுப்பில் 'அளவையியலும் விஞ்ஞானமுறையும்' கலைப்பிரிவினர்க்குரிய பாடமாய் உள்ளது. விஞ்ஞானப் பிரிவினர் அதனைப் பயில்வதில்லை. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் பாலமுனையை அடுத்த ஒலுவிலில் அமைந்தது. அதன் பிரயோக விஞ்ஞான பீடமோ சம்மாந்துறையில் உளது. பாலமுனையில் ஒரே மனையில், கலை பயிலும் தங்கை விஞ்ஞானமுறையின் இலக்கணத்தைக் கற்றிருத்தல் கூடும்; சம்மாந்துறை ஆய்வுகூடத்திற்குச் செல்லும் தமையன் அதனைக் கல்லாமலே சோதனை செய்வான். இம்முரண் பாடத்திட்டத்தின் குறையேயன்றி மாணவர் குறையன்று.

கணிதமே தருக்கத்தைப் பயிற்றும் என்பாருமுளர். அக்கூற்றில் உண்மை உண்டு. எனினும் உயிரியற் பிரிவினர் இணைந்த கணிதத்தைக் கற்பதில்லை. மேலும், வேசன் சோதனையின் வடிவத்தையே பழகிய வாழ்க்கைப் பொருளில் அமைத்துக் கேட்டவிடத்து, மிகப் பலர் பிழையின்றி விடை கூறினர் என 1982ஆம் ஆண்டின் ஆய்வு காட்டிற்று. ஆதலின், தருக்கத்தைத் தனிநூலாக ஓதுதலினும், தாம் கையாளும் பொருளிலே வைத்துப் பழகுதல் பயனுடைத்து.

சோதனைக் குறிப்பேட்டில் முடிபின்கீழ், 'எது காணப்படின் இம்முடிபு பொய்யாகும்?' என்னும் வினாவொன்று இடம்பெறுக. அதற்கு விடையெழுதப் பழகிய மாணவனே விஞ்ஞானியாதற்கு உரியன்.