எல்லோருக்கும் ஒரே டெஸ்க்டாப்

பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் விண்டோஸ் கணினியில் எல்லோருக்கும் ஒரே மாதிரியான டெஸ்க்டாப்பை அமைத்துத் தருபவை இரண்டு ஃபோல்டர்கள். சி டிரைவின் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் பப்ளிக், டிஃபால்ட் என்ற பெயர்களில் அவை இருக்கின்றன.

பப்ளிக்கின் உள்ளேயுள்ள டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட்டை வைத்தால், அந்தக் கணினியில் நுழையும் ஒவ்வொருவரின் திரையிலும் அது தெரியும். ஆளுக்கொரு நகல் எடுக்கப்படுவதில்லை. இருப்பது ஒரே கோப்புதான். அவரவர் சொந்த டெஸ்க்டாப்போடு சேர்த்துக் காட்டப்படுகிறது. எளிமையிலேயே அழகான ஏற்பாடு இது. நிர்வாகி ஓரிடத்தில் மாற்றினால் எல்லோருக்கும் மாறிவிடும். சாதாரணப் பயனர் நிர்வாகியின் அனுமதியில்லாமல் அதை நீக்க முடியாது. இந்தப் பாதுகாப்பின் அருமை பள்ளிக் கணினி அறையில்தான் நன்றாகத் தெரியும். ஒரு மாணவர் கைதவறி அழிக்கப் போனாலும் அடுத்து வருபவருக்குப் பாடத்துக்கான செயலி இருந்த இடத்திலேயே இருக்கும்.

டிஃபால்ட் வேறு வகை. புதிய பயனர் முதன்முறை நுழையும்போது அதன் நகலே அவருடைய சொந்த ஃபோல்டராகிறது. பிறகு டிஃபால்ட்டில் எதை மாற்றினாலும் பழைய பயனர்களுக்கு அது போய்ச் சேராது. ஆகவே கணக்குகளைத் தொடங்கும் முன்பே அதைச் சீர்செய்துவிட வேண்டும். லினக்ஸில் இதே வேலையை ஸ்கெல் என்ற ஃபோல்டர் செய்கிறது.