கலாத்தியரும் கருக்கும்

வெண்ணந்தூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவன் நான். சின்ன வயசில் அம்மாவோடு போன ஒரு ஜெபக்கூட்டத்தில் போதகர் கலாத்தியர் நிருபத்தை விரித்து வைத்துக்கொண்டு, கிறிஸ்துவுக்குள் வந்தவனைச் சட்டம் கட்டாது, ஆவிதான் நடத்தும் என்று மணிக்கணக்காகப் பேசினார். கூட்டம் முடிந்து டீ வந்தது. மத்தவங்களுக்கு உள்ளே பாயில், எங்க தெருக்காரங்களுக்கு வாசப்படியில். யாரும் எதுவும் சொல்லலை. அம்மாவும் சொல்லலை.

கலாத்தியரின் இரண்டாம் அதிகாரத்தைப் பின்னாடிதான் நானே படித்தேன். அந்தியோகியாவில் யூதரல்லாதவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகுகிறார். பர்னபாவும் அவர் பின்னாலேயே போகிறார். பவுல் எல்லார் முன்னாடியும் பேதுருவைக் கேட்டுவிடுகிறார். நியாயப்பிரமாணமா விசுவாசமா என்ற வாதம் அங்கிருந்துதான் விரிகிறது. ஆக, விடுதலை என்பது மனசுக்குள் நடக்கிற சமாச்சாரம் மட்டுமில்லை. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்கிற கேள்வி அது.

அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்ட புத்தகம், 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு'. அதைத் தலித் தன்வரலாறு என்று கொண்டாடுகிறோம். அதன் பேச்சுமொழியைப் பற்றி எழுதுகிறோம். அது ஓர் இறையியல் பிரதியும்தான் என்பதைப் பேசாமலே விட்டுவிட்டோம். பனங்கருக்கையும், எபிரெயர் நிருபத்தில் தேவ வசனத்துக்கு உவமையாக வரும் இருபுறமும் கூர்மையான வாளையும் முன்னுரையிலேயே பாமா சேர்த்துவைக்கிறார். மடத்துக்குள் அவர் பார்ப்பது என்ன? ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவர்களின் வசதியான வாழ்க்கை. வாயை மூடவைக்கிற கீழ்ப்படிதல். அங்கேயும் விடாத சாதி. இங்கே நம்மைக் கட்டியிருக்கும் சட்டம் மோசேயுடையது இல்லை. சாதியும் அதைக் காப்பாற்றுகிற கீழ்ப்படிதலும்தான். அதை மீறி பாமா வெளியே வருகிறார்.

ஒரு இடத்தில் மட்டும் எனக்கு உறுத்தல். பவுல் சொல்கிற ஆவியின் கனிகள் அன்பு, பொறுமை, தயவு. இதெல்லாம் தனி ஆளாக நின்று பழுக்கிறது இல்லை; கூட மனுசங்க வேணும். பாமாவோ தனியாக, வேலைகூட இல்லாமல் வந்து நிற்கிறார். இதைப் புத்தகத்தின் குறை என்று முதலில் நினைத்தேன். இல்லை. வெளியே வந்தவருக்கு நாம் ஒரு பந்தி போட்டுவைக்கவில்லை. குறை நம்முடையது.

சபைக்குள்ளேயே இருக்கிறவங்க கதை வேற. 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் தந்தது. 1956இல் சீக்கியர், 1990இல் பௌத்தர் சேர்க்கப்பட்டார்கள். மத நிபந்தனையையே நீக்கச் சொல்லி 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தும் தலித் கிறிஸ்தவர்கள் வெளியேதான். பட்டியல் சாதி இடஒதுக்கீடும் இல்லை, வன்கொடுமைச் சட்டமும் இல்லை. சட்டத்திலிருந்து விடுதலை என்று பிரசங்கம் கேட்டவனுக்குச் சட்டத்தின் பாதுகாப்பிலிருந்துதான் விடுதலை கிடைத்திருக்கிறது.

கலாத்தியரைப் பிரசங்கிக்கிறவர்கள் இனி இரண்டாம் அதிகாரத்தில் ஆரம்பிக்கட்டும். டீ எங்கே வைத்துக் கொடுக்கிறோம்னு பார்த்துவிட்டு, அப்புறம் ஆவியைப் பற்றிப் பேசலாம்.