தலையங்கமும் எழுவாயும்

பத்திரிகையின் ஆசிரியத் தலையங்கம் ஒரு துணிபை உரைப்பதற்கென எழுவது. செய்தியினின்றும் அது வேறுபடுவது இதனாலேயே. செய்தியாளர் தாம் அறியாததை அறியாததாகவே எழுதுதல் நேர்மை. ஆதலின், போர்க்கால இலங்கைச் செய்திகளில் 'இனந்தெரியாதோர்' என்ற சொல் பல்லாண்டு வழங்கியதைக் குற்றமெனத் தள்ளிவிட இயலாது. தலையங்கமோ அறிந்தவற்றை ஆராய்ந்து தீர்ப்புக் கூற முற்படுவது. அங்கே தெளிவின்மை புகுமாயின் தலையங்கத்தின் நோக்கமே கெடும்.

கொழும்பில் வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தோன்றின. அன்று தொட்டு வளர்ந்த இதழியல் மரபு தமிழ் உரைநடைக்குச் செய்த தொண்டு பெரிது. எனினும், அம்மரபினூடே சில வாய்பாடுகளும் வேரூன்றின. 'விசனத்துக்குரியது', 'ஆரோக்கியமானதன்று', 'காத்திரமான நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்', 'சம்பந்தப்பட்ட தரப்பினர் சிந்திக்க வேண்டும்' என்பன அவை. இவற்றை எந்நாளைத் தலையங்கத்திலும் பெயர்த்து வைக்கலாம். வெள்ளப்பெருக்குக்கும் கொலைக்கும் ஒருங்கே பொருந்தும் சொல் இரண்டில் எதனையும் உணர்த்துவதில்லை. நன்னூலார் வகுத்த பத்துக் குற்றங்களுள் 'வெற்றெனத் தொடுத்தல்' என்பது இதுவே போலும்.

2007ஆம் ஆண்டு யூன் 7ஆம் நாள் நிகழ்ச்சியொன்றை இவ்வாய்பாடுகளுக்கு உரைகல்லாகக் கொள்ளலாம். அன்று விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களிலுள்ள லொட்ஜுகளிற் தங்கியிருந்த தமிழரைப் பொலிசார் எழுப்பி, பேருந்துகளில் ஏற்றி, வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பினர். பொலிசார் தந்த தொகை 376. 'தக்க காரணமின்றித் தங்கியிருந்தோர்' என்பது அதிகாரிகள் கூறிய விளக்கம். தாமே விரும்பிச் சென்றனர் என்றும் சொல்லப்பட்டது.

இச்செயலைத் தமிழில் மூவகையாக எழுதலாம். 'பொலிசார் வெளியேற்றினர்' எனின் எழுவாய் உண்டு. 'வெளியேற்றப்பட்டனர்' எனின் செய்தோர் மறைகின்றனர். எனினும், யாரால் என்ற வினாவுக்கு இடம் எஞ்சுகிறது. 'வெளியேற நேர்ந்தது' எனின் அவ்வினாவும் இல்லை. ஊழ் வந்து உறுத்தியது போன்ற தோற்றமே மிஞ்சும். மூன்றாவது வாக்கியம் பணிவானது, இனிமையானது, பொய்யுமன்று. அதனாலேயே அது மிக்க தீங்கு செய்வது. 'தக்க' என்னும் அடையோ இன்னும் நுட்பமானது. கடவுச்சீட்டுக்கும், மருத்துவத்துக்கும், தொழிலுக்கும் வந்து தங்கியவர்களின் காரணங்கள் எவருடைய நோக்கில் தக்கவல்ல? இதனை வினவாது அச்சொல்லை அவ்வண்ணமே எடுத்தாளும் கருத்துரை, தான் கண்டிக்க வந்த செயலுக்கே சான்று பகர்ந்துவிடுகிறது.

அக்காலத்தில் வெளிப்பட எழுதுதல் உயிருக்கே இடராக இருந்ததே எனலாம். அது மெய்யே. 2005 ஏப்ரிலில் பத்திரிகையாளர் தருமரத்தினம் சிவராம் பம்பலப்பிட்டியிற் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். 2006 மே மாதம் யாழ்ப்பாணத்து உதயன் அலுவலகத்துட் புகுந்தோர் ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றனர். இந்நிலையில் எழுதியவர்களைப் பாதுகாப்பான நாற்காலியிலிருந்து பழித்தல் அறமாகாது.

ஆயினும், மறைத்துச் சொல்வதற்கும் மயங்கச் சொல்வதற்கும் வேற்றுமை உண்டு. நம் இலக்கணம் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றனைத் தகுதி வழக்கெனக் கொள்கிறது. செத்தாரைத் துஞ்சினார் என்கிறோம்; பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பர். இவற்றிலே சொல் மறையுமேயன்றிப் பொருள் மறைவதில்லை. கேட்போர் ஐயமின்றி உணர்வர். 'வெள்ளை வான்' என்ற இரு சொற்கள் போர்க்கால வாசகர்க்கு உணர்த்தியதும் அத்தகையதே. அச்சத்திற் பிறந்த அக்குழூஉக்குறி நீண்ட கண்டனவுரைகளினும் தெளிவுடையது. மறுதலையாக, 'சம்பந்தப்பட்ட தரப்பினர்' என்பது எழுதியவர்க்கும் படிப்பவர்க்கும் ஒருங்கே பொருள் தராதது. நன்னூல் கடியும் 'மயங்க வைத்தல்' இவ்வகையது.

யூன் 8ஆம் நாள், மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் பேரில், உயர் நீதிமன்றம் வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. சில நாட்களிற் பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க நிகழ்ந்தது பெருந்தவறென்றும் பொறுப்பு அரசினுடையதென்றும் கூறி வருத்தந் தெரிவித்தார். ஆக, எழுவாய் எது என்பதை அரசே சொல்லிவிட்டது. அதன் பின்னரும் 'வெளியேற நேர்ந்தது' என எழுதுவோருக்கு அச்சத்தைக் காரணமாகக் காட்டல் அரிது. அது கை பழகிய பழக்கமே.