பாலிஸ்டேஷன்: அசல் யாருடைய சொல்?

ஆம்பூரில் எங்க தெருவுக்கு முதலில் வந்த வீடியோ கேம் பாலிஸ்டேஷன். வெளியுடம்பு 1994இல் ஜப்பானில் வந்த சோனி பிளேஸ்டேஷனின் அச்சு. சிடி மூடியைத் திறந்தால் உள்ளே கார்ட்ரிட்ஜ் சொருகும் வாய். உயிரோ 1983இன் நின்டெண்டோ ஃபாமிகாமின் நகல். கார்ட்ரிட்ஜ் மேல் '9999999 இன் 1' என்று போட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் சில விளையாட்டுகளே சுற்றிச் சுற்றி வரும்.

'போலி' என்று சொல்லி நகர்ந்துவிடலாம்தான். ஆனால் காண்ட்ராவின் அட்டையில் பாப் வேக்லின் வரைந்த சிப்பாயின் தோரணை, 1987இல் வந்த 'பிரிடேட்டர்' படத்து ஸ்வார்ஸ்நெக்கருடையது. மெட்டல் கியர் அட்டையில் துப்பாக்கியோடு நிற்பவன் 'டெர்மினேட்டர்' மைக்கேல் பீனேதான். கம்பெனி எடுத்தால் வடிவமைப்பு, பஜார்க்காரன் எடுத்தால் திருட்டு. அசல் என்பது பொருளின் குணம் அல்ல, உடைமையின் சொல்லாடல்.

இதைத் தெரிந்துகொள்ள ஆம்பூர்க்காரனுக்குக் கோட்பாடு வேண்டியதில்லை. அம்மா ஒரு ஷூ கம்பெனியில் வெளிநாட்டு லேபிள் தைத்துக்கொண்டிருந்தாள். தோல்துண்டுகள் காலடியில் கிடக்கும், கூட்டித் தள்ளுவார்கள். லேபிளை மட்டும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவார்கள். ஒண்ணு குறைந்தால் பையைக் கொட்டிக் காட்டிவிட்டுத்தான் வீடு திரும்பணும். தோலைப் பதனிட்ட உப்பும் குரோமியமும் பாலாற்றுக்கு. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1996இல் தீர்ப்பான விவகாரம் அது. பெயர் மட்டும் வேறு தேசத்துக்கு. அதே ஷூ லேபிள் இல்லாமல் பஜாருக்கு வந்தால், தைத்த அம்மாவே புரட்டிப் பார்த்து, "டூப்ளிகேட்டுடா" என்பாள்.