துண்டுச் சீட்டும் எச்1பி விசாவும்

எச்1பி விசா பற்றிய வாதங்களைக் கொஞ்ச நாளாகத் தொகுத்துப் படித்து வருகிறேன். வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் டிரம்ப் அறிவித்ததிலிருந்து தூத்துக்குடி டீக்கடையில்கூட இதே பேச்சுதான். ஒரு தரப்பு "வெளியாள் வந்து வேலையைப் பறிக்கிறான்" என்கிறது. மறுதரப்பு "உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை" என்கிறது. வந்தவன் எந்த நிபந்தனையில் வேலை செய்கிறான் என்பதை இரண்டு தரப்புமே சரியாகக் கேட்பதில்லை. நம்ம கடற்கரைக்கு இது பழைய கதை.

நூறு வருஷத்துக்கு முன்னால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன ஒரு முக்கிய வழி தூத்துக்குடி–கொழும்பு கப்பல். பக்கத்தில் தட்டப்பாறையில் முகாம். தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லைதான் பயணச்சீட்டு. அதைக் காட்டினால் போதும், செலவைத் தோட்டம் பார்த்துக்கொள்ளும். போகும்போதே கங்காணியின் முன்பணம் கடனாக ஏறிவிடும். அந்தக் கடனை எழுதிய சீட்டுக்குப் பெயர் 'துண்டு'. வேறு தோட்டம் அந்தத் தொகையைக் கட்டினால்தான் ஆளை விடுவார்கள். கடன் தீராது, புது முதலாளி பெயருக்கு மாறும், அவ்வளவுதான். 1921இல் சட்டம் போட்டு இதை ஒழித்தார்கள்.

"சிங்களக் குடியானவர் தோட்ட வேலைக்கு வருவதில்லை" என்று துரைமார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 'இந்தக் கூலிக்கு' என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டார்கள். விட்டுப் போக முடியாத ஆள் இருக்கும்போது கூலியை ஏன் ஏற்ற வேண்டும்?

1930களின் பொருளாதார மந்தத்தில் கோபம் தொழிலாளி மேலேயே திரும்பியது. 1920களில் எல்லா இனத்தாரையும் சேர்த்துக் கொழும்பில் வேலைநிறுத்தம் நடத்திய ஏ. இ. குணசிங்கவே பிறகு மலையாளிகளுக்கு எதிராகப் பிரசாரம் செய்தார். குடியேற்றம் பற்றி விசாரித்த எட்வர்ட் ஜாக்சன், இந்தியர் உள்ளூர்க்காரரின் வேலையைப் பெரிய அளவில் பறிக்கவில்லை என்று 1938இல் அறிக்கை கொடுத்தார். யாரும் காதில் வாங்கவில்லை. மறுவருஷமே அரசுத் துறைகளில் தினக்கூலிக்கு இருந்த இந்தியரை நீக்கத் தொடங்கினார்கள். நேரு நேரில் போய்ப் பேசியும் பலனில்லை. 1939 ஆகஸ்டில் இந்தியா, உடலுழைப்புத் தொழிலாளர் அங்கே போவதற்குத் தடை போட்டது. 1948இல் குடியுரிமைச் சட்டம். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 9,75,000 பேரைக் கணக்குப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று பிரித்தார்கள்.

இப்போது எச்1பிக்கு வருவோம். கம்பெனி மாறலாம், ஆனால் புதுக் கம்பெனி மனுப் போட வேண்டும். வேலை போனால் 60 நாள்தான் கெடு. கிரீன் கார்டு வரிசையில் இந்தியர் பல வருஷம் நிற்கும்போது, மேனேஜரை எதிர்த்துப் பேச யாருக்குத் தைரியம் வரும்? துண்டையும் விசாவையும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். சம்பளம் வேறு, வாழ்க்கை வேறு. ஆனால் கட்டிப்போடும் விதம் ஒன்றுதான்.

அமெரிக்கத் தொழிலாளியின் குறையைப் பொய் என்றும் தள்ள முடியாது. ஆர்லாண்டோவில் டிஸ்னியின் கணினி ஊழியர்கள், தங்கள் இடத்துக்கு வந்தவர்களுக்கே வேலை கற்றுக்கொடுத்துவிட்டு வெளியேறிய செய்தி 2015இல் வந்தது. வலி உண்மை. மருந்துதான் தப்பு. 1,00,000 டாலர் கொடுத்து ஆளை எடுக்கிற கம்பெனி, அவனை இன்னும் இறுக்கித்தான் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அது பக்கத்து இருக்கையில் இருக்கும் அமெரிக்கனுக்கு எப்படி உதவும்?

சரியான மருந்தின் ஒரு பாதி இலங்கையிலேயே இருந்தது: இந்தியத் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி வைத்த 1927 சட்டம். மறுபாதி, துண்டை ஒழித்த 1921 சட்டம். மலிவாகவும் எடுக்க முடியாது, கட்டியும் வைக்க முடியாது என்றால், உண்மையிலேயே ஆள் தேவைப்படுகிற முதலாளி மட்டும்தான் வெளியாளைத் தேடுவார்.

அதனால் யாராவது விசாவை ஆதரித்தோ எதிர்த்தோ பேசினால், எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: வந்தவன் நாளைக்குக் காலையில் முதலாளியிடம் "நான் வேற இடம் பார்த்துக்கறேன்"னு சொல்ல முடியுமா?