பாதையடியில் நின்றுவிட்ட கதைகள்

எங்கள் பகுதியில் 'பாதை' என்றால் தெருவல்ல. ஆளையும் சைக்கிளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவைக்கே அப்பெயர். கொட்டியாரக் குடாவையும் தம்பலகாமக் குடாவையும் இணைக்கும் நீர்வாயைக் கடந்து திருகோணமலைப் பட்டணம் போகக் கிண்ணியா மக்கள் 2009 வரை நம்பியிருந்தது அதைத்தான். அவ்வாண்டு 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்பட்டது. துறையடியில் பாதை நின்றது. எமது கவிதைகளிலும் சிறுகதைகளிலும் அது ஓடத் தொடங்கியது.

நான் வாசித்த பலவற்றில் அது நிலவொளியில் ஓடுகிறது. காற்று வீசுகிறது. வாப்பாவின் தோளில் பிள்ளை தூங்குகிறது. அவற்றுட் சிலவற்றை நானும் விரும்பி வாசித்தவன்தான். எனினும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். பாதையில் ஏறியவர்கள் அக்கரையில் இறங்கி எங்கே போனார்கள் என்பதை இவை சொல்வதில்லை.

கச்சேரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனார்கள். சீனக்குடாவின் மா ஆலைக்கும் சீமெந்து ஆலைக்கும் வேலை தேடிப் போனார்கள். பின்னேரம் திரும்பி வந்து வெள்ளாமையைப் பார்த்தார்கள். கிண்ணியாவுக்கு நகர சபையும் உண்டு, பிரதேச சபையும் உண்டு. பாதி பட்டணம், பாதி வயல். துறைமுக நகரின் ஓரத்திலுள்ள இந்த இரட்டை வாழ்வுதான் எங்களுடையது. எமது எழுத்தோ ஊரை முழுக் கிராமமாக்கிவிட்டு அதற்காக ஏங்குகிறது.

மூதூரின் வ. அ. இராசரத்தினம் (1925–2001) இதே குடாவின் கரையில் இருந்து எழுதியவர். அவரது 'தோணி' தொகுதி 1962இல் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. தலைப்புக் கதையில் கடலின் அழகு உண்டு. ஆனால் கதையை நடத்துவது தோணி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. சொந்தத் தோணி இல்லாதவனுக்குக் காதலும் கைகூடுவதில்லை. எங்கள் பாதைக் கதைகளில் நான் தேடுவது இத்தகைய ஒரு கேள்வியை. யார் காத்திருந்தார்? யாருடைய நாட்கூலி போயிற்று? பிரசவ வலியோடு நடுநிசியில் துறையடிக்கு வந்தவள் என்ன ஆனாள்?

இதை வெறும் ரசனைச் சண்டையாகக் கொள்ள வேண்டாம். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்தது. புதிய பாலத்துக்காகப் பழையதை அகற்றியிருந்தார்கள். மாற்றாக ஓடியது அந்த மிதவை. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் மாண்டார்கள். பாதை எங்களுக்குப் பழங்கதை அல்லவென்று அன்று தெரிந்தது. அதன் ஆபத்தை நாங்கள் முன்பே எழுதியிருந்தால் விபத்து நடந்திராது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை அழகாக மட்டுமே எழுதிப் பழகிய கை அன்றைக்குப் பேனா பிடிக்கக் கூசியது. என் கையும்தான்.

குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. ஆசிரியர் கலாசாலையில் பயின்ற முறைப்படியே 'எனது கிராமம்' என்று பிள்ளைகளுக்குக் கட்டுரை கொடுத்து வந்தவன் நான். தரம் 9 மாணவன் ஒருவன் ஒருமுறை, "எங்கட ஊர் கிராமமுமில்ல, டவுனுமில்ல. வாப்பா விடிய பஸ்ஸில போவார், வந்து மாட்டப் பார்ப்பார்" என்று எழுதினான். பேச்சு வழக்கென்றும் தலைப்புக்குப் பொருந்தாதென்றும் சிவப்பு மையால் வெட்டி, ஆறும் தென்னையும் சேர்த்து எழுதச் சொன்னேன். சொன்னபடியே செய்தான். முழுப்புள்ளி கொடுத்தேன்.

இப்போது அந்த இரண்டு வரிகளையே எங்கள் எழுத்தாளரிடம் கேட்கிறேன். அந்த வாப்பா விடிகாலை பஸ்ஸில் யார் பக்கத்தில் நின்றார், சம்பளத்தில் எவ்வளவு மாட்டுத் தீனிக்குப் போயிற்று, பட்டணத்தில் அவரை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பதையெல்லாம் எழுதுங்கள். இம்முறை நான் வெட்டமாட்டேன்.