சீட்டுகளில் தேடிய ஆன்மா

அமானுஷ்யம் அறிவியலாகுமா என வினவுவோர் பெரும்பாலும் பேய்க்கதைகளில் தொடங்கி ஏளனத்தில் முடிக்கின்றனர். அது நேர்மையன்று. ஒரு துறையை எடைபோட வேண்டுமாயின் அதன் மிகச் சிறந்த முயற்சியையே தராசில் வைக்க வேண்டும். அவ்வகையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய நூல், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் பேங்க்ஸ் ரைன் 1934-இல் வெளியிட்ட ‘எக்ஸ்ட்ரா சென்சரி பெர்செப்ஷன்’. ‘புலன் கடந்த உணர்வு’ என்று தமிழில் சொல்லலாம்.

ரைன் ஏமாளியல்லர். இளமையில் சமயப் போதகராக விரும்பி, அந்நம்பிக்கை தளர்ந்தபின் தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1926-இல் பாஸ்டன் நகரில், ஆவிகளோடு பேசுவதாகப் புகழ்பெற்றிருந்த ‘மார்ஜரி’ என்ற பெண்மணியின் அமர்வுக்குச் சென்று, அங்கே நிகழ்வது தந்திரம் எனக் கண்டு அதை எழுதியும் வைத்தார். மனிதன் வெறும் இயந்திரமே என்ற கொள்கை ஓங்கியிருந்த காலம் அது. அதனை மறுக்கச் சான்று வேண்டுமென்ற தாகம் அவருக்கு இருந்தது. இருட்டறை அமர்வுகளில் அச்சான்று கிடைக்காது என்று உணர்ந்தே ஆய்வுக்கூடத்தை நாடினார்.

அவருடைய முறை மிக எளிது. வட்டம், கூட்டல் குறி, அலைக்கோடுகள், சதுரம், விண்மீன் என ஐந்து குறிகள். குறிக்கு ஐந்தாக இருபத்தைந்து சீட்டுகள். கவிழ்த்து வைத்த கட்டில் எந்தச் சீட்டு எதுவெனச் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் சராசரியாக ஐந்து சரியாக அமையும். அதற்குமேல் தொடர்ந்து கிடைத்தால் தற்செயல் அன்று எனக் கணிதமே கூறிவிடும். 1933-34 ஆண்டுகளில் ஹியூபர்ட் பியர்ஸ் என்ற இறையியல் மாணவர் ஒரு கட்டடத்திலும் சீட்டுகள் மற்றொரு கட்டடத்திலுமாக நடந்த சோதனையில், 1,850 முறைக்கு 558 சரியாக அமைந்தன. எதிர்பார்க்கத்தக்கது 370 மட்டுமே. ரைனின் கணக்கில் பிழை தேடியவர்கள் தோற்றனர். அக்கணக்குமுறை செல்லத்தக்கதே என 1937-இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் சங்கம் ஒன்றின் தலைவரே அறிவித்தார்.

குறை வேறிடத்தில் இருந்தது. அச்சிட்டு விற்கப்பட்ட சீட்டுகள் சிலவற்றில் குறிகள் முதுகுப்புறமாகவே மங்கலாகத் தெரிந்தன. பியர்ஸ் தமது கட்டடத்தில் யாருடைய மேற்பார்வையுமின்றித் தனித்திருந்தார். காவல் இறுக இறுக, வியப்பூட்டும் எண்கள் மெலிந்தன. பின்னர் வந்தவை இன்னும் கசப்பானவை. இலண்டன் கணிதவியலாளர் சாமுவேல் சோலின் புகழ்பெற்ற சோதனைப் பதிவுகள் திருத்தப்பட்டவை என்பதை 1978-இல் பெட்டி மார்க்விக் காட்டினார். ரைனின் நிறுவனத்திலேயே இயக்குநராக இருந்த ஒருவர் 1974-இல் மோசடியில் பிடிபட்டார். அதை மறைக்காமல் வெளியிட்டவர் ரைனே என்பதையும் சொல்லியாக வேண்டும். மோசடி நடந்ததாலேயே ஒரு துறை பொய்யாகிவிடாது. 1912-இல் அறிவிக்கப்பட்ட பில்ட்டவுன் மண்டையோடு போலி என 1953-இல் வெளிப்பட்டதால் மானிடவியல் மடிந்துபோகவில்லையே!

ஆகவே என் குறைபாடு மோசடியைப் பற்றியதன்று. நூலின் மையக் கருத்தைப் பற்றியது. புலன் கடந்த உணர்வு என்பது யாது? அது எவ்வழியே செல்கிறது, எதனால் தடைபடும், எவ்விடத்தில் இல்லாதொழியும் என எதுவும் சொல்லப்படவில்லை. தற்செயலையும் புலன்களையும் கழித்தபின் எஞ்சுவதற்கு இட்ட பெயரே அது. மிகுதியாகச் சரி சொன்னால் ஆற்றல் உண்டு. மிகவும் குறைவாகச் சொன்னால், அவ்வாற்றலே எதிர்த்திசையில் இயங்கிற்று. நாளடைவில் மங்கினால், சோர்வு. ஐயவாதி அருகிருந்து தோற்றால், அவரது ஐயமே தடை. எந்த விளைவாலும் தோற்கடிக்க முடியாத ஒரு கருத்தை எப்படிச் சோதிப்பது?

இத்துறையின் சங்கத்தை 1969-இல் மானிடவியல் அறிஞர் மார்கரெட் மீட் வாதாடி அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகத்தில் சேர்ப்பித்தார். அதை வெளியேற்றுமாறு 1979-இல் இயற்பியலாளர் ஜான் வீலர் கோரினார், கோரிக்கை பலிக்கவில்லை. உறுப்பினர் சீட்டு அறிவியலாக்கிவிடாது என்பதால் இவ்வழக்கு எனக்குப் பெரிதாகப் படவில்லை. 2011-இல் நிகழ்ந்ததே பெரிது. வருங்காலத்தை மனம் முன்கூட்டி உணர்வதாக டாரில் பெம் என்ற உளவியலாளர் ஒன்பது சோதனைகளை மதிப்புமிக்க ஆய்விதழில் வெளியிட்டார். மறுஆண்டே மூன்று ஆய்வாளர்கள் அவற்றுள் ஒன்றைத் தனித்தனியே திரும்பச் செய்தும் விளைவு தோன்றவில்லை. ஆயினும் பெம் கையாண்டவை உளவியலில் எல்லோரும் கையாண்ட முறைகளே! இம்முறைகள் இதற்கும் சான்று தருமெனில் வேறு எதற்குத் தராது என்ற அச்சம் அத்துறையையே உலுக்கி, சோதனைத் திட்டத்தை முன்னதாகவே பதிவு செய்யும் வழக்கம் பரவத் துணைசெய்தது. அமானுஷ்ய ஆய்வு அறிவியலுக்குச் செய்த மெய்யான தொண்டு இதுவே என்பேன்.

நம்மவருள் சிலர், ஆன்மா உண்டென்பதற்கு இத்தகைய சோதனைகளைச் சான்று காட்டி மகிழ்கின்றனர். இருபத்தைந்தில் ஏழு சரியாக வந்தால் ஆன்மா உண்டு, ஐந்தே வந்தால் இல்லை என்ற பேரத்துக்கு நம் விசுவாசத்தை ஏன் உட்படுத்த வேண்டும்? லூர்து நகரைப் பாருங்கள். 1883 முதல் அங்கு மருத்துவ அலுவலகம் இயங்குகிறது. ஆயிரக்கணக்கானோர் குணமடைந்ததாக அறிவித்திருந்தும், புதுமை எனத் திருச்சபை ஏற்றவை எழுபதைச் சற்றே கடந்தவை மட்டுமே. அங்குள்ள மருத்துவர் ‘புதுமை’ என்று எழுதுவதில்லை. இன்றைய மருத்துவ அறிவால் விளக்க இயலவில்லை என்று மட்டும் எழுதிக் கையொப்பமிடுகிறார். அதற்கு மேற்பட்டதைச் சொல்லும் பொறுப்பு ஆயருடையது. ரைனோ, மருத்துவருக்குரிய பேனாவாலேயே ஆயருடைய வாக்கியத்தையும் எழுத முற்பட்டார்.